நிறைகுளம் நகரத்தைத் தொடுமுன்: வன்னியின் சிறுநகரங்களுக்கான திட்டமிடல் வழிகாட்டி

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவு வட இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டிய மழையில் இரணைமடுக் குளம் நிறைந்து, மிகைநீரை வெளியேற்றும் அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டன. நீர் வந்த வேகத்துக்கு, நீர் வருகிறது என்ற செய்தியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பல குடும்பங்களுக்கு வாசற்படியைத் தொட்ட நீரே முதல் அறிவித்தலாக இருந்தது. கதவுகளை எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் அதன்பின் நெடுநாள் நீடித்தது. அந்த விவாதத்தில் யார் சரி என்று சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. அப்படியொரு விவாதத்துக்கு அடுத்த முறை இடம் வராதபடி ஒரு சிறுநகரம் தன்னை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பதையே இங்கு படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். பிரதேச சபை உறுப்பினர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்பின் செயலாளர், அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் மாணவர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஸ்மார்ட் நகரம் என்றால் சுவர் நிறைந்த திரையும் அதில் மின்னும் வரைபடங்களும் என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வன்னிக்கு அது தேவையில்லை. மேலே நிற்கும் நீரைப் பற்றிய அறிவு கீழே இருக்கும் வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச்சேர்கிறது என்பதே இங்கு அளவுகோல். அந்த நிமிடங்களைக் குறைக்காத எந்தக் கருவியும் நமக்கு வீண்செலவு.

எல்லையை நீரைக் கொண்டு வரையுங்கள்

முதல் வேலை, திட்டமிடும் பரப்பைச் சரியாகக் குறிப்பது. சபையின் எல்லைக்கோட்டை எடுத்துக்கொண்டு அதற்குள் திட்டம் போடுவதே வழக்கம். ஆனால் நீர் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாக வந்து, இரணைமடுவை நிரப்பி, மிஞ்சியதைச் சுண்டிக்குளம் களப்பில் விடுகிறது. ஆகவே கிளிநொச்சி நகரத்தின் வெள்ளத்தைப் பற்றித் திட்டமிடுகிறவர் மூன்று மாவட்டங்களின் மழையைப் பார்க்க வேண்டியவராகிறார். இதேபோல முத்தையன்கட்டுக்குப் பேராறும் வவுனிக்குளத்துக்குப் பாலியாறும் நீர் கொண்டுவருகின்றன. உங்கள் ஊருக்கு மேலே எந்தெந்தக் குளங்கள் உள்ளன, எது நிறைந்தால் எதற்குள் வான் பாயும் என்பதை முதலில் ஒரே தாளில் வரையுங்கள். நமது முன்னோர் குளங்களைத் தொடராக அமைத்தது இந்த ஒழுங்கில்தான். இலங்கையின் இக்குளத் தொடர் முறைமையை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபாக அங்கீகரித்தது. நாம் புதிதாக ஒரு வலையமைப்பை உருவாக்கப் போவதில்லை. இருக்கும் வலையமைப்புக்குக் கண்ணும் வாயும் கொடுக்கப்போகிறோம்.

அந்தத் தாளை வரைய கியூ-ஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாள்களும் போதும். ஓர் எச்சரிக்கை: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், 30 மீற்றருக்கு ஒரு புள்ளியாகத் தரையின் உயரத்தைச் சொல்லும் செய்மதித் தரவை வைத்து வடிகாலைத் தீர்மானிக்காதீர்கள். அத்தரவில் பிழை மீற்றர் கணக்கில் வரும். காட்டுப் பகுதியில் மரத்தின் தலையைத் தரையென்று காட்டும். வன்னியின் தரையிலோ ஒரு கிலோமீற்றருக்கு ஓரிரு அடிச் சரிவே பல இடங்களில் உள்ளது. மேசன்மார் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் நீர் நிறைத்த ஒளிபுகும் குழாய், அந்த வேலையில் செய்மதியை விட நம்பிக்கையானது.

செய்மதி வேறொன்றுக்கு உதவும். சென்டினல்-1 என்னும் ஐரோப்பியச் செய்மதியின் ரேடார் படங்கள் முகிலையும் ஊடுருவி, நீர் தேங்கிய நிலத்தைக் கறுப்பாகக் காட்டும், அவை இலவசம். 2018 டிசெம்பர், புரெவிப் புயல் வந்த 2020 டிசெம்பர், டித்வா புயல் வந்த 2025 நவம்பர் இறுதி ஆகிய காலங்களின் படங்களை அடுக்கிப் பார்த்தால், எந்த நிலம் திரும்பத் திரும்ப நனைகிறது என்பது தெளிவாகும். அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள முதியவர்களுடன் நடந்து செல்லுங்கள். அவர்கள் சுவரில் காட்டும் வெள்ளக்கோட்டை, மதகிலும் மின்கம்பத்திலும் ஆண்டு குறிப்பிட்டுப் பெயின்ற் பூசிப் பதியுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பேணி பெயின்ற். காணி வாங்க வருகிறவர் அந்தக் கோட்டைப் பார்க்காமல் போக முடியாது.

குளக்கட்டில் வைக்கும் கருவி

குளத்தின் மட்டத்தை அறிவதற்கு அளவுப்பலகையே அடிப்படை. குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக்கு அருகில், நீர் வற்றினாலும் நிறைந்தாலும் தெரியும்படி, அடியும் அங்குலமும் எழுதிய பலகையை நிறுத்துங்கள். மின்கருவி அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றிய இடங்களில் கருவி பழுதான அன்று எல்லாம் பழுதாயிற்று. தரவுத்தளம் மீற்றரில் இருந்தாலும் திரையிலும் குறுஞ்செய்தியிலும் அடியே வர வேண்டும்; ‘குளம் முப்பத்தைந்தரை’ என்றால் இங்கே பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும், ‘10.82 மீற்றர்’ என்றால் பொறியியலாளரே ஒருமுறை யோசிப்பார்.

மலிவான கருவிகள் பெரும்பாலும் காதுக்குக் கேட்காத மீயொலியைக் கீழே அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றன. நாங்கள் ஒரு சிறுகுளத்தில் முதன்முதலாகப் பொருத்திய கருவி, மழையே இல்லாத வைகாசியில் ஒவ்வொரு நண்பகலும் குளம் மூன்று நான்கு அங்குலம் உயர்வதாகவும் விடியலில் இறங்குவதாகவும் எழுதிக்கொண்டிருந்தது. கட்டில் நின்று மாடு பார்த்துக்கொண்டிருந்த ஐயா, “தம்பி, உங்கட குளம் மத்தியானத்தில மூச்சு இழுக்குது போல” என்றார். காரணம் எளிது. சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். 25 பாகையில் செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர், 40 பாகையில் 355 மீற்றர். நான்கு மீற்றர் தூரத்துக்கு இந்த வித்தியாசம் பத்துச் சென்ரிமீற்றர்ப் பிழையாகிறது. வெப்பமானியை இணைத்துக் கணக்கைத் திருத்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும். பணம் இருந்தால் ரேடார் கருவி இன்னும் நல்லது, அதற்கு வெப்பம் பொருட்டன்று. நீருக்குள் அமிழ்த்தும் அழுத்தக் கருவி சேற்றில் புதையும் என்பதால் சிறுகுளங்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்த பகை குளவி. கருவியின் வாய்க்குள்ளும் மழைமானியின் புனலுக்குள்ளும் மண்குளவி கூடு கட்டும். கட்டியபின் மழைமானி சூனியம் காட்டும், கருவி குளம் நிறைந்ததென்று கத்தும். அதற்கடுத்தது குரங்கு. தொங்கும் எந்த வயரையும் அது விடாது. வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, பெட்டியின் திறப்புகளில் நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். சூரிய மின்தகட்டைக் கணக்கிடும்போது மாசி மாத வெயிலை எண்ணாமல் கார்த்திகை மாத இருளை எண்ணுங்கள். ஏழு நாள் வெயிலே இல்லாமல் ஓடக்கூடிய பற்றரி வேண்டும், ஏனெனில் கருவி தேவைப்படுவது சரியாக அந்த ஏழு நாளில்தான்.

தகவலை அனுப்புவதற்குக் கைத்தொலைபேசி சிம் அட்டை எளிது. வலைச் சமிக்ஞை மெலிந்த இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் தப்பிப் போய்விடும் என்பதால், இணையத்துடன் குறுஞ்செய்தியையும் இரண்டாம் வழியாக வையுங்கள். காட்டுக்குள் சமிக்ஞையே இல்லாத குளங்களுக்கு லோரா வானொலி உதவும். அது மிகக் குறைந்த மின்னில் சில கிலோமீற்றர் செல்லும். ஆனால் அடர்காடு அதன் தூரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். குளக்கட்டு உயரம், முன்னே நீர்ப்பரப்பு வெளி, அக்கரையில் கோயில் கோபுரமோ தண்ணீர்த்தாங்கியோ இருந்தால் அங்கே சமிக்ஞையைப் பெறும் கருவியைப் பொருத்தலாம். எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கமரா வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் அது அளவுப்பலகையை மட்டுமே பார்க்க வேண்டும். பார்க்கப்படுவதன் நினைவு இந்த மண்ணில் இன்னும் ஆறவில்லை. பாதையையும் வீட்டையும் நோக்கும் ஒரு கமரா, முழுத் திட்டத்தின் மீதும் உள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

எண்ணைத் தீர்மானமாக மாற்றுவது

கருவி பொருத்துவது இரண்டு நாள் வேலை. கடினமான பகுதி இனிமேல்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு குளத்துக்கு மழைநீரைத் திரட்டித் தரும் நிலமான ஏந்துபரப்பு பத்துச் சதுர கிலோமீற்றர் என்றால், அதன் மேல் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் பத்து இலட்சம் கனமீற்றர். தரை ஏற்கெனவே ஊறியிருந்தால் அதில் பாதி, அதாவது ஐந்து இலட்சம் கனமீற்றர், குளத்துக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் நீர்ப்பரப்பு ஐம்பது ஏக்கராயின், வான் இல்லாவிட்டால் அந்நீர் குளத்தை எட்டடி உயர்த்தும். இப்போது, மழை வருமென்று அறிந்து முதல் நாளே ஓர் அடி நீரைத் திறந்துவிட்டோம் என்றால் குளத்தில் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 62,000 கனமீற்றர். வரும் நீரில் எட்டில் ஒரு பங்கு. முன்கூட்டித் திறப்பதால் வெள்ளத்தை முழுதாகத் தடுக்கலாம் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் கரைந்துபோகிறது. அந்த ஓர் அடியோ, கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்தில் ஐம்பது ஏக்கர் நிலத்தின் மீது ஓரடி உயரத்துக்கு நிற்கக்கூடிய நீர். மழை பொய்த்தால் அதைத் திறக்கச் சொன்னவர் கமக்காரரின் முகத்தில் விழிக்க முடியாது.

ஆகவே கதவு திறப்பது தொழில்நுட்பத் தீர்மானம் என்று நினைத்தால் தவறு. அது நகரத்தின் வாசற்படிக்கும் சிறுபோகத்துக்கும் இடையிலான உடன்பாடு. அந்த உடன்பாட்டை மழைக்குள் நின்று பேசக்கூடாது. மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே, நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்பு, பிரதேச செயலகம், சபை ஆகிய நான்கு தரப்பும் இருக்கும்போது, ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எந்த மாதத்தில் எந்த மட்டம், மேலே உள்ள மழைமானியில் ஆறு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு திறப்பது, திறப்பதற்கு எவ்வளவு நேரம் முன்னர் கீழே சொல்வது என்பன அதில் இருக்க வேண்டும். அதிகாரம் திணைக்களத்திடமே இருக்கும். தாள் அதை மாற்றாது. நள்ளிரவில் யாரை எழுப்புவது என்று தேடும் நேரத்தை மட்டும் அது மிச்சப்படுத்தும்.

அந்தத் தாளின் கீழ்ப்பகுதி பெயர்களால் நிறைய வேண்டும். ‘உரிய அதிகாரிக்கு அறிவிக்கப்படும்’ என்ற வசனம் எழுதப்பட்டால் யாருக்கும் அறிவிக்கப்படாது. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர், இருவரின் தொலைபேசி எண்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்கு முன்னர் கிராம அலுவலரின் எண் தெரிய வேண்டும்.

பின்பு, எல்லாம் அறுந்துபோகும் இரவை எண்ணுங்கள். மின் நின்று சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரிகள் ஓயும்; வட்ஸ்அப் குழுமம் அதற்கு முன்பே அமைதியாகிவிடும். அந்த நேரத்துக்குக் கோயிலின் ஒலிபெருக்கியும் தேவாலயத்தின் மணியும் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியுமே மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் ஒலிபெருக்கிக்குத் தனிப் பற்றரி வாங்கிக் கொடுங்கள்; அதை எப்போது, எந்த வசனத்தில் பேசவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ‘வெள்ள அபாயம்’ என்று மட்டும் சொன்னால் மக்கள் முற்றத்துக்கு வந்து பார்ப்பார்கள். ‘குளம் ஒரு மணிக்கு வான் பாயும், வாய்க்கால் கரையில் இருப்பவர்கள் இப்போதே பாடசாலைக்கு வாருங்கள்’ என்றால் எழுந்து நடப்பார்கள்.

காணியும் வீதியும்

சேர்ந்துவரும் தரவு அபாய இரவுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு மூன்று மாரிகள் கழிந்தால், கட்டட அனுமதி வழங்கும் மேசையில் அதை வைக்கலாம். வவுனியா நகரில் வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம் என்று குளங்களின் பெயரே குடியிருப்பின் பெயராகிவிட்டது. பெயர் நிலைத்த அளவுக்கு எல்லை நிலைப்பது கடினம். குளத்தின் உச்ச நீர்மட்டக் கோடும் வான் பாயும் வாய்க்காலின் இரு கரையும் சபையின் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு காணிக்கும் எதிரே வெள்ளக்கோட்டின் உயரம் எழுதப்பட வேண்டும். அனுமதி மறுப்பதை விட, ‘உங்கள் தளமட்டம் இக்கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்கட்டும்’ என்று சொல்வது பல இடங்களில் நடைமுறைக்கு ஏற்றது. வான் வாய்க்காலுக்குள் மட்டும் அந்த இரக்கம் காட்டாதீர்கள்.

ஏ-9 வீதியும் புகையிரதப் பாதையும் உயர்த்தப்பட்ட கட்டுகளாக அருகருகே ஓடுகின்றன. நீரின் கண்ணில் அவை இரண்டு குளக்கட்டுகள். வீதியின் மதகும் பாதையின் மதகும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால், அல்லது ஒன்று மற்றதை விடச் சிறியதாயின், இடையில் உள்ள நிலம் குளமாகும். மாரிக்கு முன் ஒவ்வொரு மதகுக்கும் எண் கொடுத்து, அகலத்தை அளந்து, கைத்தொலைபேசியில் படமெடுத்து வரைபடத்தில் ஏற்றுங்கள்; அடைபட்ட மதகு எது என்பது அப்போது ஒரு பார்வையில் தெரியும். ஒரு பள்ளி விடுமுறையில் மாணவர்கள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஆனால் புதிய வடிகாலுக்காக மண்வெட்டி வைக்குமுன், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்பட்டதா என்பதைக் கேட்டறிய வேண்டும். வேறு ஊர்களின் நகரத் திட்டக் கைந்நூல்களில் இந்த வரி இருக்காது. வன்னியில் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

ஒரே வழியை நம்பும் நகரம் ஓர் இரவில் தீவாகும். டித்வா புயலின்போது பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியில் பாலம் உடைந்து, பின்னர் பெய்லி என்னும் தற்காலிக இரும்புப் பாலம் போடப்பட வேண்டியதாயிற்று. முல்லைத்தீவு நகரத்துக்கு முன்னே கடல், பின்னே நந்திக்கடல் களப்பு, இடையே தாழ்ந்து கிடக்கும் வட்டுவாகல் பாலம். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில், கடலிலிருந்து ஓடவேண்டிய திசையும் களப்பு பெருகும்போது செல்லவேண்டிய திசையும் ஒன்றல்ல என்பதைப் பலகையில் எழுதி நிறுத்துவது மிக மலிவான நகரத் திட்டம். இடம்பெயர்ந்தோர் தங்கும் பாடசாலையைத் தெரிவு செய்யும்போது கூரையைப் பார்க்காமல் மலசலகூடத்தின் தளமட்டத்தைப் பாருங்கள். அது வெள்ளக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பாடசாலை இரண்டாம் நாளே பயன்படாது. கிணறும் அவ்வாறே, நீர் வடிந்தபின் குளோரின் இடாமல் குடிக்கக்கூடாது. போரில் சாய்ந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த்தாங்கியைப் பார்த்த எவருக்கும், ஒரே தாங்கியில் முழு நகரத்தின் தாகத்தையும் வைப்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

வறட்சிக்கும் இதே கருவிகள் போதும். ஆடி ஆவணியில் குளம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கொண்டு பவுசர் நீர் எந்த வாரத்தில் தேவைப்படும் என்று கணிக்கலாம்.

பராமரிப்பு

உதவித் திட்டத்தில் வரும் கருவி, திட்டம் முடிந்ததும் செத்துவிடுகிறது. சிம் அட்டைக்கு மாதக் கட்டணம் யார் கட்டுவது என்பது எழுதப்படாததே பெரும்பாலும் காரணம். தொழில்நுட்பக் கோளாறு அன்று. எனவே கருவியை வாங்குமுன் ஐந்து ஆண்டுக்கான கட்டணம், பற்றரி மாற்றம், ஒரு மேலதிகக் கருவி ஆகியவற்றைச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகச் சேருங்கள். தரவு சபைக்குச் சொந்தம் என்றும், அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்றும் வழங்குநருடனான ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கருவியைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருவர் வேண்டும். ஒருவர் வெளிநாடு போய்விடுவார்.

புரட்டாசியின் முதல் வாரத்தில் ஒரு நாளைச் சரிபார்ப்பு நாளாக வையுங்கள். காலை ஏழு மணிக்கு ஒருவர் அளவுப்பலகையின் முன் நின்று மட்டத்தை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் தொலைபேசித் திரையில் வருவதைப் படிக்க, மூன்றாமவர் இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். நண்பகலிலும் மாலையிலும் அதையே திரும்பச் செய்யுங்கள். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் பெட்டியைத் திறந்து குளவிக்கூட்டைத் தேடுங்கள். பின்பு அந்தக் கொப்பியை நெகிழிப் பையில் இட்டு, துருசுக் காவலாளியின் வீட்டில், தாளில் எழுதிய தொலைபேசி எண்களுடன் ஒன்றாகத் தொங்கவிடுங்கள்.